படத்தில் இருப்பவருக்கு ஒரு பெயர் உண்டு

சென்ற வருடம் தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு காணொளி வந்தது. 19 வினாடிகள்தான். ஸ்காபரோவில் எங்கள் சித்தி வீட்டு வரவேற்பறையில் அம்மம்மா கதிரையில் இருக்கிறார். "வீட்டை போவம், இருட்டப் போகுது" என்கிறார். "இதுதான் வீடு அம்மம்மா" என்று ஒரு குரல் சொல்கிறது. அம்மம்மா தலையாட்டுகிறார். நான்கு வினாடி கழித்து மறுபடியும், "வீட்டை போவம், இருட்டப் போகுது." படம் பிடித்தவரின் சிரிப்புச் சத்தத்தோடு காணொளி முடிகிறது.

கீழே வரிசையாகச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். அவற்றில் ஒன்று நான் போட்டது.

அதை எடுத்தவன் சித்தியின் மகன், 15 வயது. அவன் கெட்டவன் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மம்மாவுக்குத் தேநீர் ஆற்றிக் கொடுப்பவன் அவன்தான். பகிடியாக நினைத்து எடுத்தான், நானும் பகிடியாக நினைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் கழித்து அதே காணொளி என் அலுவலக நண்பர் ஒருவரிடமிருந்து எனக்கு வந்தது. அது என் அம்மம்மா என்று அவருக்குத் தெரியாது. யாரோ ஒரு பாட்டி, நல்ல பகிடி என்று அனுப்பியிருந்தார்.

அன்று இரவு நித்திரை வரவில்லை.

நான் கணினித் துறையில் ஆலோசகராக வேலை செய்கிறேன். ஒரு மென்பொருளில் பிழை வந்தால் நாங்கள் முதலில் செய்வது பழைய பதிவுகளைத் திறந்து, அந்தப் பிழை எப்போது உள்ளே வந்தது என்று பின்னோக்கிப் பார்ப்பது. நினைவு இழந்த ஒருவரைப் படம் பிடித்து மற்றவர்களுக்குக் காட்டும் பழக்கம் எங்கே தொடங்கியது? அதையும் அப்படித் தேடிப் பார்த்தேன். உங்களில் பலரின் வீட்டிலும் ஒரு அம்மம்மாவோ அப்பம்மாவோ தாத்தாவோ இப்படி இருக்கக்கூடும். கையில் கமரா உள்ள கைபேசியும் இருக்கும். அதனால் இது உங்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு சொல்

யாழ்ப்பாணத்து வீடுகளில் "அறளை பெயர்ந்திட்டுது" என்பார்கள். வயது போனால் எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அது சரியல்ல. டிமென்சியா, தமிழில் மறதிநோய், முதுமையின் இயல்பான பகுதி இல்லை. மூளையைத் தாக்கும் பல நோய்களால் வரும் நிலை அது. நினைவு மட்டும் போவதில்லை. சொல், நேரம், திசை, கணக்கு, உடுப்பு மாற்றும் ஒழுங்கு என்று ஒவ்வொன்றாகக் குழம்பும். இவற்றில் 60 முதல் 70 வீதமானவை அல்சைமர் நோயால் வருபவை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகில் 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதிநோயோடு வாழ்ந்தார்கள். கனடாவின் மொத்தச் சனத்தொகையை விட அது அதிகம்.

ஜப்பானில் இந்த நோய்க்கு முன்பு இருந்த பெயரில் முட்டாள்தனம் என்ற பொருள் கலந்திருந்தது. 2004இல் அரசாங்கமே அந்தச் சொல்லை விட்டு, அறிதிறன் சார்ந்த நோய் என்று பொருள்படும் புதிய சொல்லுக்கு மாறியது. சொல்லை மாற்றினால் பார்வையும் மாறும் என்று நம்பினார்கள். ஒரு சொல்லுக்கே அவ்வளவு வலு என்றால் படத்துக்கு எவ்வளவு இருக்கும்?

சரே, இங்கிலாந்து, 1856

ஒளிப்படக் கலை பிறந்து சில ஆண்டுகளிலேயே கமரா மனநோயாளர் விடுதிக்குள் நுழைந்துவிட்டது. ஹியூ வெல்ச் டயமண்ட் என்ற மருத்துவர் இங்கிலாந்தின் சரே மாவட்ட மனநோயாளர் விடுதியில் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். 1851இல் கண்ணாடித் தகட்டில் படம் எடுக்கும் புதிய முறை வெளியானபோது அதை ஆர்வத்தோடு கற்றுக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். தன்னிடம் இருந்த பெண்களைத் திரைக்கு முன் உட்கார வைத்துப் படம் எடுத்தார். பல வகை மனநோய்கள் உள்ள பெண்கள் அவர்கள்.

1856இல் இலண்டன் ரோயல் சங்கத்தில் தன் வேலையைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். படத்தால் மூன்று பயன்கள் உண்டு என்றார். நோயின் முகத் தோற்றத்தைப் பதிந்துவைத்துப் படிக்கலாம். நோயாளிக்கு அவருடைய படத்தையே காட்டினால் அது அவர் குணமாக உதவலாம். விடுதியை விட்டுப் போனவர் திரும்பி வந்தால் அடையாளம் காணலாம்.

டயமண்டைக் கொடியவர் என்று சொல்ல மாட்டேன். அவருடைய படங்களில் பெண்கள் அமைதியாக, மதிப்போடு இருக்கிறார்கள். ஆனால் அந்த மூன்று பயன்களையும் இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். எல்லாம் மருத்துவரின் பக்கம் இருந்து எழுதியவை. அந்தப் படங்களைப் பார்த்து வரைந்த சித்திரங்கள் 1858இல் ஜோன் கொனொலி என்ற மருத்துவரின் கட்டுரைகளோடு மருத்துவ இதழில் வெளியாகின. கட்டுரைகளின் தலைப்பில் இருந்தது நோயின் பெயர். படத்தில் இருந்த பெண்ணின் பெயர் இல்லை.

நான் தேடிய பிழை உள்ளே வந்த இடங்களில் ஒன்று இது என்று நினைக்கிறேன். முகம் நோயின் மாதிரியாக மாறிய இடம்.

பிராங்பேர்ட், ஜேர்மனி, 1901

1901 நவம்பர் 25ஆம் திகதி, 51 வயதுள்ள ஒரு பெண்ணை அவருடைய கணவர் பிராங்பேர்ட் நகர மனநோய் விடுதிக்குக் கொண்டு வந்தார். கணவர் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞர். மனைவி சில மாதங்களாகக் காரணமில்லாமல் சந்தேகப்படுகிறார், சமையல் குழம்புகிறது, பொருட்களை ஒளித்து வைக்கிறார், இரவில் கத்துகிறார். வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை.

அடுத்த நாள் அவரைச் சோதித்த மருத்துவரின் பெயர் அலோய்ஸ் அல்சைமர். இன்று அந்த நோய்க்கு இருப்பது அவருடைய பெயர்தான். கேள்விகளையும் பதில்களையும் கையால் எழுதி வைத்தார். உங்கள் பெயர் என்ன என்று கேட்டபோது அந்தப் பெண் தன் முதற்பெயரைச் சொன்னார். குடும்பப் பெயரைக் கேட்டபோதும் அதே முதற்பெயர். கணவரின் பெயரைக் கேட்டபோதும் அதுவே. பெயரை எழுதச் சொன்னால் "திருமதி" என்று எழுதிவிட்டு மேலே போக முடியாமல் நின்றார். தன்னைத் தானே தொலைத்துவிட்டதாகவும் சொன்னார்.

1902 நவம்பரில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. வெள்ளை உடுப்பு, தோளில் விழுந்த தலைமுடி, மடக்கிய முழங்காலில் கோர்த்த நீளமான விரல்கள், நெற்றியில் ஆழமான கோடுகள். கண்கள் கமராவைப் பார்க்கவில்லை.

அவர் 1906 ஏப்ரல் 8ஆம் திகதி இறந்தார். அப்போது அல்சைமர் மியூனிக் நகரில் வேலை செய்தார். இறந்தவரின் மூளையை அங்கே வரவழைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். நரம்புக் கலங்களுக்குள் முறுக்கிய நார்களும் கலங்களுக்கு வெளியே படிவுகளும் தெரிந்தன. இன்றைக்கும் இந்த நோயின் அடையாளங்கள் அவைதான். 1906 நவம்பர் 3ஆம் திகதி டூபிங்கன் நகரில் மருத்துவர்கள் கூடிய கூட்டத்தில் இதைச் சொன்னபோது சபையில் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 1907இல் அச்சான கட்டுரையில் அந்தப் பெண் "51 வயதுப் பெண்" மட்டும்தான். 1910இல் எமில் கிரெப்பலின் தன் மருத்துவப் பாடநூலில் நோய்க்கு அல்சைமரின் பெயரை வைத்தார்.

மருத்துவரின் பெயர் உலகம் முழுவதும் போனது. தன் பெயரையே எழுத முடியாமல் தவித்த பெண்ணின் பெயர் கோப்புக்குள் கிடந்தது.

இலண்டன் விமான நிலையம், 1976

அடுத்த படம் மருத்துவர் எடுத்ததில்லை. பத்திரிகைக்காரர்கள் எடுத்தது.

ரீட்டா ஹேவேர்த் 1940களில் ஹொலிவூட்டின் பெரிய நட்சத்திரம். 1941இல் 'லைஃப்' சஞ்சிகையில் வந்த அவருடைய படத்தை இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்கள் தங்களோடு கொண்டு திரிந்தார்கள். 1976 ஜனவரியில் அவர் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது மிகவும் குழம்பிப் போயிருந்தார். கலைந்த தலையும் வெறித்த கண்ணுமாக அவரைப் படம் பிடித்துப் பத்திரிகைகளில் போட்டார்கள். குடித்திருக்கிறார் என்று பேசினார்கள். பல ஆண்டுகளாக அவருடைய மறதிக்கும் கோபத்துக்கும் சொல்லப்பட்ட காரணமும் அதுதான்.

1980இல்தான் அவருக்கு அல்சைமர் நோய் என்று கண்டறிந்தார்கள். அடுத்த ஆண்டு அது வெளியே தெரிந்தபோது, அந்த நோயின் பெயரைப் பலர் முதல் தடவையாகக் கேட்டார்கள். அவர் 1987இல் இறந்தார். மகள் யாஸ்மின் ஆகாகான் தாயின் பெயரிலேயே நிதி திரட்டி, அல்சைமர் அமைப்புகளில் பல ஆண்டுகள் உழைத்தார்.

ஹீத்ரோ படம் பொய்யான படமில்லை. அந்தக் கணம் நடந்ததுதான். படத்தோடு சேர்ந்து போன கதைதான் பொய். எங்கள் வாட்ஸ்அப் குழுவின் 19 வினாடிகளும் அப்படித்தான்.

1995, இரண்டு இடங்கள்

1995 டிசெம்பர் 21ஆம் திகதி, பிராங்பேர்ட் பல்கலைக்கழக மனநல மருத்துவமனையின் ஆவணக் காப்பகத்தில், கொன்ராட் மௌரர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு நீல நிறக் கோப்பைக் கண்டெடுத்தார்கள். உள்ளே 32 தாள்கள். அல்சைமர் கையால் எழுதிய கேள்வி பதில்கள், நோயாளியின் தடுமாறும் கையெழுத்து, நான் மேலே சொன்ன அந்தப் படம். ஏறக்குறைய 90 ஆண்டுகளாகக் காணாமல் போயிருந்த கோப்பு. அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்ணின் முகமும் முழுப்பெயரும் உலகுக்குத் தெரிந்தன. அவர் பெயர் அவுகுஸ்டே டேட்டர். தெக்லா என்று ஒரு மகள் இருந்தார்.

அந்தத் திகதியை வாசித்தவுடன் நான் கணினியை மூடிவிட்டேன். ஏனென்றால் அதே 1995, ஒக்டோபர் 30ஆம் திகதிதான் யாழ்ப்பாணத்தில் வலிகாமம் இடப்பெயர்வு. ஒரே இரவில் இலட்சக்கணக்கான சனம் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனது. அம்மம்மாவும் கொக்குவிலில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு பையோடு வெளிக்கிட்டவர். படங்கள் ஒட்டிய இரண்டு அல்பங்கள் அலுமாரிக்குள் இருந்தன. அடுத்த வருடம் திரும்பிப் போனபோது அலுமாரியே இல்லை. அம்மம்மாவின் இளமைக் காலத்துப் படம் என்று இன்று எங்களிடம் இருப்பது, அடையாள அட்டையில் உள்ள சின்னக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான்.

காணொளி அலுவலகம் வரை போய்த் திரும்பியதை நான் அம்மாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அண்டைக்கும் அவ இதைத்தான் சொல்லிக்கொண்டு நடந்தவ" என்றார். பாலத்தடியில், சனத்துக்குள், மழையில், வீட்டை போவம் இருட்டப் போகுது என்று.

மறதிநோய் உள்ள பலர் மாலை நேரத்தில் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்பார்கள், இது நோயின் இயல்பு என்று எங்கள் மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதுவும் சரியாக இருக்கலாம், அம்மா சொன்னதும் சரியாக இருக்கலாம். ஆனால் இரண்டில் ஒன்றாவது தெரிந்திருந்தால் நான் அந்த மஞ்சள் முகத்தைப் போட்டிருக்க மாட்டேன்.

கமராவை வேறு விதமாகப் பிடித்தவர்கள்

இந்த வரலாறு இத்தோடு முடிந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

கேத்தி கிரீன்பிளாட் அமெரிக்காவில் சமூகவியல் பேராசிரியராக இருந்து ஒளிப்படக் கலைஞரானவர். கலிபோர்னியாவில் மறதிநோய் உள்ளவர்கள் வாழும் ஒரு பராமரிப்பு இல்லத்தில் படங்கள் எடுத்து 2004இல் ஒரு நூல் வெளியிட்டார். 'அல்சைமரோடு உயிர்ப்பாக' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அதில் வெறித்த கண்கள் குறைவு. பாடுகிறார்கள், ஆடுகிறார்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்திருக்கிறார்கள். நோய் இல்லை என்று அவர் சொல்லவில்லை. நோய் வந்த பிறகும் ஆள் உள்ளே இருக்கிறார், நல்ல பராமரிப்புக் கிடைத்தால் அது வெளியே தெரியும் என்று காட்டினார். பிறகு இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் போன்ற நாடுகளுக்கும் போய் இதே வேலையைத் தொடர்ந்தார்.

இன்னொருவர் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்திலேயே வாழும் ஓவியர் டோனி லூச்சியானி. மறதிநோய் வந்த தாய் எலியா, 91 வயதில் அவரோடு வந்து தங்கினார். மகன் புதிய கமரா ஒன்றைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது தாய் தானாகவே படத்துக்குள் வந்து நின்றுவிட்டார். அப்படித் தொடங்கியது பல ஆண்டுகள் நடந்தது. இருவரும் சேர்ந்து யோசித்து, சேர்ந்து எடுத்த படங்கள் அவை. அந்தத் தாய் படத்தின் பொருள் மட்டுமில்லை, படத்தின் பங்காளியும்தான்.

மூன்றாவது வழி இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1990களில் சீனாவின் யுனான் மாகாணத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இருவர் கிராமத்துப் பெண்களின் கையில் கமராவைக் கொடுத்தார்கள். உங்கள் வாழ்க்கையில் எது முக்கியம் என்று நீங்களே எடுத்துக் காட்டுங்கள் என்றார்கள். அந்தப் படங்களை வைத்து அதிகாரிகளோடு பேசினார்கள். பிற்பாடு மறதிநோயின் ஆரம்ப நிலையில் உள்ளவர்களோடும் ஆய்வாளர்கள் இதே முறையில் வேலை செய்திருக்கிறார்கள். டயமண்ட் திரைக்கு முன் உட்கார வைத்த இடத்திலிருந்து, நோயுள்ளவரே கமராவுக்குப் பின்னால் வரும் இடத்துக்கு நூற்றைம்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

எங்கள் வீட்டில்

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காணொளிக்கு முந்தைய கோடையில் எங்கள் குடும்பத்தில் ஒரு திருமணம். மேடையில் எல்லோரும் நின்று குடும்பப் படம் எடுத்தோம். அம்மம்மா மண்டபத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார். "பாட்டியையும் கூட்டி வரவா?" என்று படப்பிடிப்பாளர் கேட்டார். "வேண்டாம், அவ கமராவைப் பார்க்க மாட்டா, அங்கேயே இருக்கட்டும்" என்று சொன்னது நான்தான்.

சிரிப்பதற்காகக் காட்டுவது ஒரு பிழை. படத்தைக் கெடுத்துவிடுவார் என்று மறைப்பது இன்னொரு பிழை. எங்கள் சமூகத்தில் இரண்டாவதுதான் அதிகம் என்று நினைக்கிறேன். அறைக்குள் இருக்கட்டும், ஆட்கள் வந்தால் கதவைச் சாத்து. அப்படி மறைத்தால் பக்கத்து வீட்டில் அதே நோயோடு போராடும் குடும்பத்துக்குத் தாங்கள் தனியாக இல்லை என்று எப்படித் தெரியும்?

சித்தியின் மகனோடு உட்கார்ந்து அவுகுஸ்டேயின் கதையைச் சொன்னேன். நானும் சிரித்தவன் என்பதையும் சொன்னேன். அவன் அன்றே காணொளியை அழித்தான். ஆனால் அது யார் யாரிடம் போனது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைத் திருப்பி எடுக்க வழியில்லை.

டயமண்டைப் போல நாங்களும் மூன்று எழுதினோம், கேள்விகளாக. படம் எடுக்கட்டுமா என்று அவரிடம் கேட்டோமா? நேற்றுக் கேட்டது இன்றைக்குச் செல்லாது, ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். முகத்தைத் திருப்பினால் அதற்கு அர்த்தம் வேண்டாம் என்பதுதான். நோய் வருவதற்கு முன்பிருந்த அம்மம்மா இந்தப் படத்தைப் பார்த்தால் சம்மதிப்பாரா? வெளியே காட்டுவதானால், அவர் யார் என்ற கதையும் படத்தோடு போகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் மட்டும் எடுக்கிறோம். பாதி நாட்களில் எடுப்பதில்லை.

எடுத்தவற்றில் எனக்குப் பிடித்தது அம்மம்மா இடியப்பம் பிழியும் படம். பேரன் மா குழைத்து உரலில் போட்டுக் கொடுத்தான். என் பெயர் அவருக்கு நினைவில்லை, என்னைத் தன் தம்பி என்று நினைக்கிறார். ஆனால் உரலைக் கையில் வாங்கியதும் எப்படி அழுத்துவது, எப்படிச் சுற்றுவது என்று கைகளுக்குத் தெரிந்திருந்தது.

போன மாதம் கமராவை அவர் கையில் கொடுத்தோம். பொத்தான் எங்கே என்று பேரன் விரலைப் பிடித்துக் காட்டினான். அம்மம்மா என்னைப் பார்த்து, "தம்பி, நேரா நில்" என்றார். வந்த படத்தில் என் முகத்தில் பாதிதான் இருக்கிறது. மீதி முழுக்கச் சுவரும் யன்னலும், யன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கிய வானமும்.

அதை அச்செடுத்துச் சட்டம் போட்டுச் சித்தி வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறோம். கீழே ஒரு சிறிய அட்டையில், எடுத்தவர் என்று போட்டு, அம்மம்மாவின் முழுப்பெயரையும் பேரன் தமிழில் எழுதினான். இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. திருத்தி எழுதினோம்.